நகர்ந்துகொண்டே பார்த்த ஃபைனல்

தமிழ்செல்வி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, எதிரில் வந்த ஆளெல்லாம் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"நீ எந்தப் பக்கம்?"

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்தது வேங்கிக்கால், வாழ்க்கைப்பட்டது அடி அண்ணாமலை. வருஷா வருஷம் அடி அண்ணாமலை மைதானத்தில் நடக்கும் கபடிப் போட்டியின் ஃபைனலில் எப்படியும் இந்த இரண்டு ஊரும்தான் மோதிக்கொள்ளும். மற்ற ஊர் அணிகள் அரையிறுதியிலேயே தோற்று, பல்லெல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடும்.

போன வருஷம் ஃபைனல் முடியவே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்த சண்டையில் நாற்பத்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. ஸ்கோர் போர்டு பறந்து போய்ப் பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில் விழுந்தது. ஒரு நாற்காலி நேராக நடுவர் பரசுராமன் சாரின் இடது காதில் வந்து மோதியது. அன்றிலிருந்து அந்தப் பக்கமாக நின்று எதைச் சொன்னாலும் அவர் "ஆங்?" என்பார்.

அந்த நாற்காலியை வீசியவன் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது தமிழ்செல்வியின் தம்பி விமல்ராஜை. வேங்கிக்காலில் ஈ-சேவை மையம் வைத்திருக்கும் பையன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துத் தப்பாக விழுந்தாலே பத்துத் தடவை மன்னிப்புக் கேட்பவன். "நான் வீசல. எங்க மாமா பக்கத்துலதான் நின்னாரு, அவரைக் கேளுங்க" என்று கெஞ்சினான். அந்த மாமா, அதாவது தமிழ்செல்வியின் கணவன் இளவரசன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், ஊரே கூடி நிற்கையில் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எதையும் பாக்கல" என்றான். விமல்ராஜ் ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மச்சானும் மாமனும் பேசிக்கொள்வது அதோடு நின்றது.

பேச்சு நின்றதில் யாருக்கு நஷ்டம்? அபிநயாவுக்கு. தமிழ்செல்வியின் மகளுக்கு ஐந்து வயது முடிந்தும் காது மூளியாகவே இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எப்படி? மாமனோ வீட்டுப் படியேற மாட்டேன் என்கிறான், அப்பனோ கூப்பிட மாட்டேன் என்கிறான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கம்மலும் ஜிமிக்கியுமாக ஆட்டிக்கொண்டு வர, இவள் மட்டும் வெறுங்காதைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

இந்த வருஷம் போட்டிக்கு அனுமதி கேட்டுப் போனபோது இன்ஸ்பெக்டர் ஜோதியம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரு ஆள் கையெழுத்து போடட்டும். ஒரு கை ஓங்கினா போதும், அதுக்கப்புறம் அந்த மைதானத்துல கபடியே கிடையாது. யார் போடறீங்க?"

இரண்டு ஊர் ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "பச்சை கவுன் போட்ட குழந்தை எங்ககிட்ட இருக்குது, பெத்தவங்க வாங்க" என்று அறிவிப்பு செய்பவள் தமிழ்செல்வி. லட்சம் பேரை அதட்டிப் பழகிய குரல். "நான் போடறேன் மேடம்" என்றாள். போட்டுவிட்டு, அங்கேயே வைத்துத் தம்பியையும் கணவனையும் மடக்கினாள். "அடிதடி இல்லாம முடிஞ்சா, குழந்தைக்குக் காது குத்துவீங்களா மாட்டீங்களா?"

"முடியட்டும், பாக்கலாம்" என்றான் விமல்ராஜ், சுவரைப் பார்த்து.

"முடியட்டும்" என்றான் இளவரசன், மின்விசிறியைப் பார்த்து.

ஜோதியம்மாள் போட்ட நிபந்தனைகள் மொத்தம் பதினான்கு. நாற்காலி கூடாது. தண்ணீர் பாட்டில் கூடாது, பானையும் டம்ளரும் சங்கிலியில் கட்டி வைக்கவேண்டும். மேளம், விசில், குச்சி வைத்த கொடி கூடாது. வாசலில் காவலர் சரசு முன்னால் எல்லோரும் வாயைத் திறந்து ஊதிக் காட்டவேண்டும். செருப்பும் எறிய ஏதுவான பொருள் என்பதால், அதை வெளியே விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஸ்கோர் போர்டு கூடவே கூடாது. பாயிண்டை ஒரு சின்ன ஸ்லேட்டில் எழுதிக் கோர்ட்டு ஓரமாக வைத்தால் போதும். மைக்கில் ஸ்கோரைச் சொல்வதும் கூடாது, அதுதான் உசுப்பேற்றுகிறதாம். கடைசியாக, இரண்டு ஊர்க்காரர்களையும் தனித்தனியாக நிறுத்தி, நடுவில் பத்தடி இடைவெளி விட்டு மூங்கில் தடுப்பு கட்டவேண்டும். எல்லாம் முடித்து ஆறு மணிக்குள் மைதானம் காலியாக வேண்டும்.

மூங்கில் வேலையை மணியிடம் கொடுத்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

மணி முப்பது வருஷமாகத் திருவிழாவுக்கு வரிசைத் தடுப்பு கட்டுகிறவர். இன்ஸ்பெக்டர் வரைந்து கொடுத்த படத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அதோடு சரி. சனிக்கிழமை முழுக்க ஆட்களோடு வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து பார்த்த தமிழ்செல்விக்குத் தலை கிறுகிறுத்தது. மைதானம் பூராவும் ஒற்றை ஆள் போகிற அகலத்தில் வளைந்து வளைந்து போகும் சந்துகள். இந்த வாசலில் நுழைந்தால், நெளிந்து நெளிந்து கோர்ட்டு ஓரத்துக்கு வந்து, அதை ஒட்டி நடந்து, திரும்பிப் பின்பக்கமாகப் போய், மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வரவேண்டும். இரண்டு ஊருக்கும் இரண்டு வாசல், இரண்டு சுற்று. பத்தடி இடைவெளி இருக்கவேண்டிய இரண்டு மூலைகளிலும் ஓர் ஊரின் சந்தும் மற்ற ஊரின் சந்தும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரே ஒரு மூங்கிலோடு நின்றன.

"மணி அண்ணே, இது இன்னா தரிசன வரிசையா? நின்னு மேட்ச் பாக்கத்தானே கட்டச் சொன்னோம்?"

"நிக்கறதுக்கா?" மணி நிஜமாகவே திகைத்துப் போனார். "நிக்கறதுக்கு எவனாவது மூங்கில் கட்டுவானா தங்கச்சி? வந்தமா, பாத்தமா, நகந்தமான்னு இருக்கணும். ரெண்டு வரிசையும் வலமாத்தான் சுத்தும். இடமா சுத்த வைக்கறதுக்கு என் கை வராது."

"பிரிச்சிக் கட்ட எவ்ளோ நேரம் ஆகும்?"

"நான் போட்ட முடிச்சு. பிரிக்கவே ஒரு நாள் ஆகும்" என்றார் பெருமையாக.

ஜோதியம்மாள் வந்து பார்த்தார். கட்டினவரை முறைத்தார், கடிகாரத்தை முறைத்தார், கடைசியில் தமிழ்செல்வியை முறைத்தார். "கையெழுத்து உன்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மைதானத்தில் இருந்த ஒரே நாற்காலியில், கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய நாற்காலியில், உட்கார்ந்துகொண்டார்.

நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தமிழ்செல்வி கோர்ட்டின் நடுக்கோட்டுப் பக்கம் ஒரு மேஜைமேல் ஏறி, கையில் மைக்கோடு நின்றாள். முதல் ரைடுக்கு ஆள் கிளம்பியதும் முன்வரிசைக்காரர்கள் வழக்கம்போல நின்றார்கள். பின்னால் சந்துகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. "நகருங்கப்பா!" என்று ஒரு குரல், அப்புறம் நூறு குரல். தமிழ்செல்விக்கு வேறு வழி தோன்றவில்லை. மைக்கில் பௌர்ணமிக் குரலை எடுத்துவிட்டாள்.

"நிக்காதீங்க, நகந்துகிட்டே இருங்க. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடுங்க. எல்லாரும் பாக்கணும்."

இரண்டு பக்கமும் மூங்கில், வெறுங்கால், மைக்கில் அந்தக் குரல். இந்த ஊர்க்காரர்களின் கால்கள் அதற்குமேல் யாரையும் கேட்பதில்லை, தாமாக நகர்ந்துவிடும். வேங்கிக்கால் வரிசை ஒரு பக்கம், அடி அண்ணாமலை வரிசை மறுபக்கம் சுற்ற ஆரம்பித்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. கோர்ட்டு ஓரம் வரும்போது ஒவ்வொருவனுக்கும் ஒன்றோ இரண்டோ ரைடு கண்ணில் படும். தொண்டை கிழியக் கத்துவான். எதிரணியைத் திட்ட வாயைத் திறப்பதற்குள் பின்னால் வருகிறவன் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவான். யாரிடமும் சண்டை வளர்க்க நேரமில்லை. முறைத்த முகம் இரண்டே வினாடியில் போய்விடும், அடுத்த முகம் வரும், அதையும் புதிதாக முறைக்கவேண்டும். மூன்று சுற்றுக்குள் இரண்டு ஊருக்கும் முறைத்து முறைத்துக் கண் வலித்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஸ்கோர் போர்டு இல்லை, மைக்கிலும் சொல்லமாட்டார்கள். கோர்ட்டை விட்டு நகர்ந்த பிறகு என்ன ஆனது என்று தெரியாமல் தலை வெடித்தது. அந்த ஒட்டுச் சந்து மூலைகளில், ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் ஓர் ஊர், பார்க்கப் போகிறவன் மறு ஊர். ஒரு மூலையில் இவர்கள் கேட்கவேண்டும், மறு மூலையில் அவர்கள் கேட்கவேண்டும். மானமா ஸ்கோரா என்று பார்த்தால், இரண்டாவது சுற்றிலேயே ஸ்கோர் ஜெயித்துவிட்டது.

"யோவ், எவ்ளோ?"

"பத்துக்கு எட்டு. உங்காளு ஒருத்தன் சூப்பரா ஒரு கேட்ச் போட்டான்யா!"

"அப்படியா! யாரு, குள்ளமா இருப்பானே?"

அதற்குள் வரிசை இழுத்துக்கொண்டு போய்விடும். பாதிக் கதையோடு போனவன் அடுத்த சுற்றில் அதே ஆளைத் தேடினான்.

இளவரசன் மகளைத் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டு நகர்ந்தான். முதல் சுற்றில் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் விமல்ராஜ் வர, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் இளவரசன் வானத்தைப் பார்த்து, "ஸ்கோர் எவ்ளோன்னு தெரியலயே" என்றான். விமல்ராஜ் மூங்கிலைப் பார்த்து, "பன்னெண்டு பத்து" என்றான்.

"யாருக்குப் பன்னெண்டு?"

"உங்களுக்குத்தான்" என்று மூங்கிலிடமே சொல்லிவிட்டு நகர்ந்தான் விமல்ராஜ்.

மேஜைமேல் நின்ற தமிழ்செல்விக்கு அது காதில் விழவில்லை, ஆனால் இரண்டு வாய்களும் அசைந்ததைப் பார்த்தாள். மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஆடலாம் போலிருந்தது.

மூன்றாவது சுற்றில் கோர்ட்டை விட்டு நகர்ந்ததும் அபிநயா, "எனக்குத் தெரியல, எனக்குத் தெரியல" என்று அப்பாவின் தலைமுடியைப் பிடித்து உலுக்கி அழுதாள். எதிரில் விமல்ராஜ் கோர்ட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக நின்றுபோன உறவு, ஸ்டேஷன், பெஞ்சு எதுவும் அந்தக் குழந்தைக்குக் கணக்கில்லை. மாமா ஆட்டம் நடக்கிற பக்கம் போகிறார், அது போதும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மூங்கிலுக்கு மேலே தாவிவிட்டாள். விமல்ராஜ் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள், பிடித்துவிட்டான். இளவரசன் "ஏய்" என்பதற்குள் வரிசை அவனை இழுத்துப் போய்விட்டது. அடுத்த மூலையில் விமல்ராஜ் திரும்பி வர, இளவரசன் கோர்ட்டுக்குப் போக, குழந்தை மறுபடி இந்தப் பக்கம் தாவினாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. யார் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறாரோ அவர் தோள் அபிநயாவுடையது. ஆறாவது சுற்றில் அவள் தாவவேண்டிய அவசியமே இருக்கவில்லை, இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டே வந்தார்கள்.

இதற்கிடையில் தமிழ்செல்விக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் நகராமல் நின்றவள் அவள் ஒருத்திதான். முதல் ரைடிலிருந்து கடைசி வரை ஒன்றுவிடாமல் பார்த்தவளும் அவள் ஒருத்திதான். "நான் எந்தப் பக்கமும் இல்ல, பொதுவான ஆளு" என்று ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஆனால் வேங்கிக்கால் பையன் ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டும்போதும் அவளுடைய வலது கால் மேஜைமேல் தானாக உதைத்துக்கொண்டது. கத்தவும் முடியாது, ஸ்கோர் சொல்லவும் முடியாது. "நகருங்க, நகருங்க" என்ற அறிவிப்பே போகப் போக வேங்கிக்கால் ரைடருக்குச் சொல்வதுபோல ஆகிக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்கால். முப்பத்தொன்று, முப்பத்தொன்று. கடைசி ரைடு.

வேங்கிக்கால் பிரகாஷ் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். அப்போதுதான் முதல்முறையாக இரண்டு வரிசைகளும் நின்றன. யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. "கபடி கபடி கபடி" என்று பிரகாஷின் பாட்டு மட்டும் மெலிசாக ஓடியது. ஓரத்தில் நின்றவனின் முழங்காலைக் கால்விரலால் தொட்டான். நாலு பேர் மேலே விழுந்தார்கள். அவ்வளவு பேரையும் இழுத்துக்கொண்டு, நடுவருக்கு இடது பக்கமாக ஊர்ந்தான். பாட்டு தேய்ந்தது, ஆனால் அறுபடவில்லை. விரல் நடுக்கோட்டைத் தொட்டது.

விசில். இந்த வருஷமும் நடுவராக நின்ற பரசுராமன் சாரின் கை அடி அண்ணாமலைப் பக்கம் நீண்டது. பாட்டு விட்டுவிட்டானாம். ரைடர் அவுட். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.

ஒரு பாதி மைதானம் குதித்தது, மறு பாதி உறுமியது. வேங்கிக்கால் கைகள் மூங்கிலைப் பிடித்து உலுக்கின. மணியின் முடிச்சு அசைந்து கொடுக்கவில்லை. எறிவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். ஒரு குண்டூசி இல்லை. ஒருவன் ஆவேசமாகக் குனிந்து காலைத் தடவி, செருப்பு இல்லாததை உணர்ந்து, வெட்கத்தோடு நிமிர்ந்தான்.

ஆனால் ஒரே ஒரு ஆள் கையில் எறிவதற்கு ஒரு பொருள் இருந்தது.

"சார்! பாட்டு விடல சார்! நான் கேட்டேன் சார்!" தமிழ்செல்வியின் குரல் ஒலிபெருக்கியில் மலை வரைக்கும் போய்த் திரும்பியது.

அவள் நின்றது சாருக்கு இடது பக்கம்.

"ஆங்?" என்றார் பரசுராமன்.

அந்த "ஆங்?"தான் அவளை உடைத்தது. மேஜையிலிருந்து குதித்தாள். புடவையை இடுப்பில் செருகினாள். மைக்கைப் பிடித்த கை தலைக்குமேலே ஓங்கியது. மைதானத்தில் அன்றைக்கு ஓங்கிய முதல் கை, கையெழுத்துப் போட்ட அதே கை.

இளவரசன் மூங்கிலுக்கு அடியில் புகுந்து வந்தான். விமல்ராஜ் தன் தோள்மேல் இருந்த அபிநயாவை இறக்கி, "மேடம், கொஞ்சம் புடிங்க" என்று இன்ஸ்பெக்டரின் மடியில் வைத்துவிட்டு மூங்கிலைத் தாண்டிக் குதித்தான். ஓங்கிய கையை ஒருவன் பிடித்தான், மற்றக் கையை இன்னொருவன்.

"விடுங்க! எங்க பையன் கோட்டத் தொட்டான்! கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்!"

"அக்கா, விடுக்கா. சார் குடுத்தது குடுத்ததுதான்" என்றான் தோற்ற ஊர்க்காரன்.

"பாட்டு விடல, செல்வி. எனக்கும் கேட்டுது" என்றான் ஜெயித்த ஊர்க்காரன். "ஆனா அவர் மேல தப்பு இல்ல. அந்தக் காது அவருக்குக் கேக்காது."

"ஏன் கேக்காது?"

இளவரசன் பரசுராமன் சாரின் காதைப் பார்த்தான். "போன வருஷம் அந்தச் சேரை வீசுனது நான்தான்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மைக் அவன் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பட்டன் அணைக்கப்படாமல் இருந்தது. "நான்தான்" என்று இரண்டு ஊருக்கும் கேட்டது.

விமல்ராஜின் பிடி தளர்ந்தது. தமிழ்செல்விக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது. தம்பியின் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை இப்போது முஷ்டியாக மடங்கினால் கபடியும் போயிற்று, கம்மலும் போயிற்று.

"வேணும்னு வீசல மச்சான். எங்கயோ வீசினேன், எங்கயோ போச்சு. உன்னைக் கூட்டிட்டுப் போனப்ப சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். அப்புறம் நாள் ஆக ஆக வாயே வரல. தப்புதான். ஜாஸ்தி தப்பு."

விமல்ராஜ் அவனையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்நேரம் புள்ள ஜிமிக்கி போட்டுகினு இருப்பாளே மாமா" என்றான். குரல் பாதியில் உடைந்து, மீதி சிரிப்பாக வந்தது.

ஜோதியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "கை ஓங்குனது யாரு?"

"யாரும் ஓங்கல மேடம்" என்றார்கள் மாமனும் மச்சானும் ஒரே நேரத்தில். "மைக்கைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க."

"அவ்ளோ உயரத்துலயா?"

"அக்கா குட்டையான ஆளு மேடம். தூக்கித்தான் குடுக்கணும்" என்றான் விமல்ராஜ்.

ஜோதியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். "நாளைக்கே ரெண்டு பேரும் சாரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க. இல்லன்னா மறுபடி அந்த பெஞ்சுதான், இந்த தடவை ரெண்டு பேருக்கும்."

"ஆங்?" என்றார் பரசுராமன்.

பின்னால் எட்டாவது சந்திலிருந்து ஒரு குரல் வந்தது. "முன்னாடி இன்னாதான்யா ஆச்சு? பாத்தவங்க நகருங்கப்பா!" ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. இந்தமுறை எல்லோரும் பார்த்துவிட்டுப் போனது ஆட்டத்தை இல்லை. தலை கலைந்து, புடவை செருகியபடி நின்ற தமிழ்செல்வியைத்தான். "நீ எந்தப் பக்கம்னு இப்பத் தெரிஞ்சிபோச்சு" என்று அடி அண்ணாமலைக் கிழவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டே நகர்ந்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

விமல்ராஜ் கோர்ட்டு மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய அபிநயா நேராக ஓடிவந்து அவன் மடியில் உட்கார்ந்தாள். தாய்மாமன் மடி என்றால் என்ன நடக்கும் என்று அம்மா ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இப்பவே குத்துவாங்களா மாமா?" என்று கேட்டு, இரண்டு காதுகளையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.